மூன்றாவது புட்டி

1946 ஏப்ரல் 17, புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். காற்று அடியோடு நின்றுபோய், உப்புப் புழுக்கத்தில் சட்டை தோளோடு ஒட்டியிருந்தது. நான் குடியிருந்த மாடிக்குக் கீழே சோடாக் கம்பெனி. அதன் மேசைமேல் நகராட்சி சானிட்டரி இன்ஸ்பெக்டர் அங்கே விற்ற சிவப்புக் கலர் சோடாவை மூன்று புட்டிகளில் ஊற்றி அரக்கு வைத்தார். ஒன்று சென்னைப் பரிசோதனைக்கு, ஒன்று கோர்ட்டுக்கு, ஒன்று கடைக்காரருக்கு. மூன்றும் இருந்தால்தான் கலப்படச் சட்டப்படி வழக்கு நிற்கும். துணிச்சாயத்தைக் கரைத்து விற்கிறார்கள் என்பது அவர் சந்தேகம். அதைக் குடித்த துறைமுகக் கூலிகளின் பிள்ளைகள் பதினொரு பேர் ஒரே வாரத்தில் சிவப்பாக வாந்தியெடுத்திருந்தார்கள்.

“கலருல கலர் இல்லாம வெறுந்தண்ணியவா விக்கச் சொல்லுதீரு?” என்றார் கம்பெனிக்கும் என் மாடிக்கும் சொந்தக்காரரான முதலாளி அண்ணாச்சி. கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை; சாட்சிக்கு என்னை அழைத்தார். நான் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் குமாஸ்தா. ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணி, அவர் எழுதிய தாளில் கையெழுத்திட்டேன்.

சாயம்தான் என்று சென்னையிலிருந்து அறிக்கை வந்தது. விசாரணைக்கு முந்தின நாள் அண்ணாச்சி மாடியேறி வந்தார். தன்னிடம் கொடுத்த புட்டியைக் கடலில் வீசியாயிற்று என்றார். “ஏலே, ரெண்டுதான் பாத்தேன்னு சொல்லு. மூணுக்கும் ரெண்டுக்கும் ஒண்ணுதானல வித்தியாசம்? இல்லேன்னா பிள்ளத்தாச்சியக் கூட்டிக்கிட்டு எங்கன போவ?” உள்ளே என் மனைவிக்கு எட்டாம் மாதம்.

கோர்ட்டில் இரண்டு என்றேன். தாளைப் படிக்காமல் கையெழுத்திட்டதாகவும் சொன்னேன். “மூட்டை எண்ணியே சம்பளம் வாங்குகிறவர். இவருக்கா எண்ணிக்கை தப்பும்?” என்றார் அண்ணாச்சியின் வக்கீல். வழக்கு தள்ளுபடியானது.

கோர்ட்டு வாசலில் இன்ஸ்பெக்டர் என்னை ஏசவில்லை. “ஓய், நீரு தப்பா எண்ண மாட்டீருன்னுதான் உம்மக் கூப்பிட்டேன்” என்று மட்டும் சொன்னார். பொய் வழக்கு ஜோடித்தவர் என்ற பெயரோடு அவரை ஊர் மாற்றினார்கள்.

இப்போது எனக்கு எண்பத்திரண்டு வயது. புட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைப் புட்டியின் மேலேயே அச்சடிக்கும்படி சட்டம் வந்துவிட்டது. கண்ணாடி போட்டு ஒவ்வொன்றையும் எழுத்தெண்ணிப் படிக்கிறேன். அந்தப் பதினொரு பேரில் ஒரு பிள்ளையின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

தீர்ப்புக்கு மறுநாளும் கீழே சிவப்புக் கலர் விற்றது. அதை வாங்கிக் குடிக்கும் பிள்ளைகளை மாடியிலிருந்து எண்ணத் தொடங்கினேன். ஒன்பதாம் நாள் அது தாங்காமல் வீட்டைக் காலி செய்து, மாப்பிள்ளையூரணியில் மாமனார் வீட்டுக்குப் போனோம். ஆமாம், அந்த வீடு முன்பும் அங்கேதான் இருந்தது. போக இடமில்லை என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டதும் பொய். கொடுத்திருந்த முன்பணத்தை அண்ணாச்சியிடம் திருப்பிக் கேட்க முகமில்லை. கோர்ட்டில் சொன்ன பொய்யால் எனக்கு ஏற்பட்ட நஷ்டம் மொத்தமே அவ்வளவுதான்: முப்பது ரூபாய்.