பதினாலாம் நம்பர் முயல்

கர்ப்பமா, இல்லையா என்று முயலைக் கேட்டுச் சொல்வதுதான் என் உத்தியோகம். சிரிக்காதீர்கள்! ஐம்பதுகளின் தொடக்கத்தில், ராயபுரம் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு டாக்டரம்மா நடத்திய சின்ன ஆய்வுக்கூடத்தில் நான் உதவியாளன். பெண்கள் விடிந்ததும் முதலில் கழிக்கும் சிறுநீரைக் கொண்டுவருவார்கள். அதைப் பெட்டை முயலின் காது நரம்பில் ஊசியால் ஏற்றி, இரண்டு நாள் கழித்து அதைக் கொன்று வயிற்றைத் திறந்து பார்ப்போம். கல்யாண வீட்டில் யாராவது "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டால் நான் பந்திக்கு நழுவிவிடுவேன். வெளியே சொல்ல முடியாத வேலை பார்த்தவர்களுக்கு என் அவஸ்தை புரியும்.

மளிகைக்கடைப் பாட்டில்

தண்டையார்பேட்டையில் மளிகைக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர், மனைவியின் சிறுநீரைக் காகிதம் சுற்றிய பாட்டிலில் கொண்டுவந்தார். ஊசி போட்ட அரைமணி நேரத்தில் முயல் காலை நீட்டிவிட்டது. பாட்டிலை முகர்ந்தேன். மண்ணெண்ணெய்! கழுவாமல் அப்படியே ஊற்றிக் கொண்டுவந்திருக்கிறார் மனிதர்.

விஷயத்தைச் சொல்லி, நன்றாகக் கழுவிய வேறு பாட்டில் கொண்டுவரச் சொன்னேன். அவர் செத்த முயலையே பார்த்தபடி நின்றார். முகமெல்லாம் வியர்வை. "ஏ தம்பி, முயலுக்கே இந்தக் கதின்னா, வீட்டுல அவளுக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?"

ஏழு புள்ளிகள்

பெட்டை முயல் ஒரு விசித்திரப் பிராணி. ஆணோடு சேர்ந்தால் ஒழிய முட்டையை வெளியே விடாது. அதுவரை அதன் முட்டைப்பையில் குமிழிகள் பளபளவென்று காத்திருக்கும். கர்ப்பிணியின் சிறுநீரில் உள்ள ஹார்மோன் போய்ச் சேர்ந்தால் ஆண் துணை இல்லாமலே குமிழி வெடித்து, அந்த இடம் ரத்தச் சிவப்பாகும். முதன்முதலில் டாக்டரம்மா பூதக்கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னபோது ஏழு புள்ளிகள் எண்ணினேன். அம்மாடி! எனக்குக் குதிக்கவேண்டும் போலிருந்தது.

"இத்தோட முடியலே. வெடிக்கிறவரைக்கும் குமிழி ஒரு ஹார்மோனைத்தான் அதிகமாத் தயாரிக்கும். வெடிச்சதும் மஞ்சளாகி, கருவைத் தாங்கறதுக்கான வேற ஹார்மோனைத் தயாரிக்கும். உத்தரவு மாறினா சரக்கும் மாறும்" என்றார் டாக்டரம்மா. என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் காவல்காரர் காதர் பாய் வாயைப் பிளந்தார். "தம்மாத்தூண்டு குமிழிக்குள்ள இம்மாம் பெரிய தொழிற்சாலையா தம்பி!"

அந்தோணியம்மாவின் கட்டி

காசிமேட்டில் மீன் விற்கும் அந்தோணியம்மாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம், குழந்தை இல்லை. மூன்று மாதமாக மாதவிலக்கு நின்று, அடிவயிற்றில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் கட்டி என்றார்கள். திங்கட்கிழமை காலை கர்ப்பப்பையோடு எடுத்துவிடுவதாக ஏற்பாடு. எங்கள் டாக்டரம்மாவுக்கு மட்டும் சந்தேகம். "முயல் பார்த்துச் சீட்டு அனுப்புங்கள், யோசிக்கிறேன்" என்று ஆபரேஷன் டாக்டர் இறங்கிவந்தார்.

புதன்கிழமை ஊசி. வெள்ளிக்கிழமை காலை திறந்தால், ஒன்பது சிவப்புப் புள்ளிகள்! டாக்டரம்மா கையெழுத்துப் போடும்வரை பொறுத்தேனா? அதுதான் இல்லை. சைக்கிளில் காசிமேட்டுக்குப் பறந்தேன். அந்தோணியம்மா கூடையைப் போட்டுவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். சட்டையெல்லாம் வஞ்சிர வாசனை, அதனாலென்ன! "பதினெட்டு வருசமா மாதா காதுல ஓதிக்கினு கீறேன் நைனா. நீ முயலு காதுல ஓதி வாங்கினு வந்துட்டியே!"

காதர் பாயின் இரக்கம்

திரும்பி வந்தால், காதர் பாய் காலிக் கூண்டைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "போவட்டும் தம்பி, நேத்து கொஞ்ச நேரம் சந்தோசமா இருந்துச்சு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஊசி போட்ட முயல் ஒண்டியாகக் கிடக்கிறதே என்று, இனவிருத்திக்கு வைத்திருந்த ஆண் முயலை வியாழக்கிழமை பகலில் அதன் கூண்டில் விட்டிருக்கிறார் மகராஜன்! புள்ளிகள் அந்தோணியம்மாவால் வந்தனவா, அந்த மாப்பிள்ளையால் வந்தனவா, யார் கண்டது?

விஷயத்தைக் கேட்டதும் டாக்டரம்மா சீட்டைக் கிழித்தார். "நாளைக் காலையில வேற முயல். திங்கட்கிழமை விடிஞ்சதும் திறப்போம். காசிமேட்டுல போய்ச் சொல்லவேண்டியது நீதான்." போனேன். அந்த நிமிஷம் பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தோணியம்மா வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "முயலு பொய் சொன்னா இன்னா நைனா? என் வவுறு பொய் சொல்லாது. இன்னொன்னக் கேளு."

திங்கட்கிழமை

சனிக்கிழமை பதினாலாம் நம்பர் முயலுக்கு ஊசி போட்டுக் கூண்டுச் சாவியை என் அரைஞாணில் கட்டிக்கொண்டேன். காதர் பாய் அந்தப் பக்கமே வரவில்லை, பாவம். திங்கள் விடிந்ததும் திறந்தோம். பதினொன்று! மை காய்வதற்குள் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். ஆளைச் சோதிப்பதற்கென்றே ரயில்வே கேட் சாத்தியிருந்தது. துறைமுகத்துச் சரக்கு வண்டி சாவகாசமாக அசைந்து போயிற்று. நான் போட்ட கூச்சலில் கேட்காரரே திகைத்துப்போனார்.

ஆஸ்பத்திரியில் அந்தோணியம்மாவை ஆபரேஷன் அறை வாசல்வரை தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். எனக்கு மூச்சு வாங்கியது. சீட்டை நீட்டினேன். டாக்டர் இரண்டு தடவை படித்தார். "வார்டுக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள்" என்றார். ஐயோ, அப்போது எனக்கு வந்த சந்தோஷம்! அந்தோணியம்மா தள்ளுவண்டியில் எழுந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்தாள். "அந்த முயலுக்குப் பேரு இன்னா நைனா? பொண்ணு பொறந்தா அதையே வெக்கிறேன்."

அன்றிலிருந்து எங்கள் முயல் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தேன். ஊசி போடுமுன் அந்தப் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததும் அன்றிலிருந்துதான்.