ஜெபக்கனியின் பொறுமையைச் சோதித்த வார்த்தை

பொன்சிங் தன் அக்கா ஜெபக்கனியின் பொறுமையைச் சோதித்துப் பார்க்கப்போகிறானாம். அவன் வந்து சொல்லவில்லை. கொச்சியில், காக்கநாட்டில் அவன் வேலை பார்க்கும் அதே அலுவலகத்துக்கு, சபைக்கு வரும் லீலாபாயின் மகள் ஊரிலிருந்து வந்து மூன்று மாதம் ஆகிறது. சாப்பாட்டு நேரத்தில் அவன் மனைவியிடம் போனில் பேசியது இந்தப் பெண்ணின் காதில் விழுந்தது. அவள் அம்மாவிடம் சொன்னாள். அம்மா ஞாயிறு ஆராதனை முடிந்ததும், செருப்பு மாட்டக்கூட விடாமல் ஜெபக்கனியிடம் சொன்னாள்.

"நான் சொன்னேன்னு சொல்லிராதீய. 'அக்கா பொறுமையச் சோதிக்கணும்'னு சொன்னாராம்."

"இன்னும் சோதிக்க என்ன மிச்சம் இருக்காம் அவனுக்கு?"

மிச்சம் இல்லைதான். நாசரேத்துப் பக்கத்திலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்து, இரண்டு கிரைண்டரை வைத்து, சாயாக்கடைகளுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுக்க ஆரம்பித்து இருபத்திரண்டு வருடம். வரும்போது தம்பிக்குப் பத்து வயது, தாயில்லாப் பிள்ளை. மலையாளப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். தமிழை அவன் இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடம், "பொன்சிங் காலேஜ் முடிக்கட்டும்" என்றாள். அவன் முடித்தபோது பேச்செடுக்க ஆளில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் அவன் குழந்தையின் ஞானஸ்நான விருந்து. கோட்டயத்திலிருந்து மனைவி ஷைனியின் வீட்டார் எல்லோரும் வந்திருந்தார்கள். பிள்ளைக்கு வேர்க்கிறது, தொப்பியைக் கழற்று என்று ஜெபக்கனி சொன்னாள். ஒருமுறை அல்ல, நாலைந்து முறை. ஷைனியின் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு பொன்சிங் அக்கா பக்கம் திரும்பினான்.

"சேச்சிக்கு குடும்பம் எந்தாணெந்நு அறியோ?"

குடும்பம் என்றால் என்னவென்று தெரியுமா என்கிறான். அதையும் மலையாளத்தில், அத்தனை பேருக்கும் புரியும்படி. அக்கா என்று கூப்பிட்ட வாய் சேச்சி என்றது. யாரோ சிரித்தார்கள். பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு, இரண்டு பஸ் மாறி வீடு வந்தாள். அதற்குப் பிறகு அவன் போன் இல்லை. இவளும் கூப்பிடவில்லை.

சபையில் விஷயம் தெரியாதவர் இல்லை. பார்க்கிறவர்கள் எல்லாம், "மன்னிச்சிருங்கக்கா, நாம விசுவாசிகள்லா" என்றார்கள், உப்பை எடுத்துத் தரச் சொல்வதுபோல் லேசாக. அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பரமண்டல ஜெபத்தில் மன்னிப்பைப் பற்றிய வரி வரும்போது வாயை மூடிக்கொள்வாள். அடுத்த வரியில் மறுபடி சேர்ந்துகொள்வாள்.

இப்போது இது. வாசலில் நின்றபடியே போனை எடுத்து, வாட்ஸ்அப்பில் குரலைப் பதிந்தாள்.

"லேய், நீ சோதிச்சுப் பாக்கதுக்கு நான் என்ன ஒன் ஆபீஸ் கம்ப்யூட்டரா? பொண்டாட்டி வீட்டு வாசல்ல வாலாட்டிக்கிட்டுக் கெட. எனக்குத் தம்பின்னு ஒருத்தன் இருந்தான், செத்துட்டான்."

அனுப்பிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு டிக்கும் நீலமாயின. கேட்டுவிட்டான். ஆத்திரம் தணியும் என்று நினைத்தாள், தணியவில்லை. திரும்ப உள்ளே போனாள்.

போதகர் மார்த்தாண்டத்துக்காரர், அவளைவிடப் பதினைந்து வயது இளையவர். சாயாவைக் கீழே வைத்தார்.

"ஐயா, அவனைக் கூப்பிட்டுக் கண்டிங்க. சிலுவையில தொங்கிக்கிட்டே மன்னிச்சாருன்னு மட்டும் சொல்லாதீங்க. அவர் தேவகுமாரன். நான் மாவரைக்கிறவ."

"அவரும் வலிக்கல்லன்னு சொல்லல்லியே அக்கா," என்றார் அவர். "நீங்களும் சொல்லண்டாம். வலிச்சுது, தப்புதான். அதை அப்படியே பேரு சொல்லி ஆண்டவருட்ட வைங்க. மன்னிக்கிறதுன்னா நடக்காத மாதிரி நடிக்கிறது இல்ல. திருப்பி அடிக்க எடுத்த கல்லைக் கீழ போடுறது."

"அவன் வந்து கேக்கட்டும், போடுறேன்."

"அவன் கேக்கது வரைக்கும் கல்லு உங்களுக்க கையிலதான இருக்கும்? அவன் கேட்டாலும் கேக்காட்டாலும் உள்ளுக்குள்ள போட்டிரலாம். பழையபடி கூடிக்கிடுறது வேற, அதுக்கு அவனும் வரணும். அவனுட்ட சொல்லவேண்டியதைத் தனியாப் போயி அவனுட்டயே சொல்லுங்க. சபை முழுக்க சொன்னீங்களே, அவனுட்ட சொன்னீங்களா?"

ஜெபக்கனிக்குச் சுருக்கென்றது. "இப்பத்தான் சொன்னேன். நல்லாவே சொன்னேன். பொறுமையச் சோதிக்கணும்னு சொன்னவன்ட்ட வேற என்ன சொல்ல?"

"அப்படியா சொன்னான்? தமிழிலயா?"

கதவோரம் நின்றிருந்த லீலாபாயைப் போதகர் கூப்பிட்டார். "உங்க மக கேட்டதை அப்படியே சொல்லுங்க. தமிழாக்கண்டாம்."

லீலாபாய் முந்தானையைத் திருகினாள். "எனக்கு அந்தப் பாஷை வராது ஐயா. என்னமோ... 'சேச்சியோடு க்ஷம சோதிக்கணும்'னாராம். க்ஷமைன்னா பொறுமைதான? சோதிக்கன்னா சோதிக்கதுதான?"

போதகர் ஜெபக்கனியைப் பார்த்தார். அவளுக்கு விளக்கவேண்டிய அவசியம் இல்லை. சாயாக்கடையில் யாராவது விலை சோதிச்சால் ஜெபக்கனி விலையைச் சொல்வாள். வழி சோதிச்சால் வழியைச் சொல்வாள். சோதிக்கிறது என்றால் இங்கே மலையாளத்தில் கேட்கிறது, க்ஷம என்றால் மன்னிப்பு. க்ஷம சோதிக்கணும்: அக்காவிடம் மன்னிப்புக் கேட்கணும்.

"அட பாவி மக்கா," என்றாள். லீலாபாயையா, அவள் மகளையா, தன்னையா என்று அவளுக்கே தெரியவில்லை. "இருபத்திரண்டு வருஷமா இந்த ஊர்ல குப்பை கொட்டுறேன். என்ன சொன்னான்னு ஒரு வார்த்தை கேக்கத் தோணலையே எனக்கு!"

"நான் என்ன செஞ்சேன்? காதுல விழுந்ததச் சொன்னேன்," என்று லீலாபாய் அழத் தொடங்கினாள். அவளைத் தேற்றும் பொறுமை ஜெபக்கனியிடம் இல்லை.

போனைத் திறந்தாள். அழித்துவிடலாமா? நீல டிக் இரண்டும் அப்படியே இருந்தன. அழித்தால் போனிலிருந்து போகும், அவன் காதிலிருந்து போகுமா? செத்துட்டான் என்ற சொல்லைத் தன் வாய்தான் சொன்னது, மொழி மாறாமல், சுத்தத் தமிழில். விருந்தில் அவன் சொன்னதாவது ஒரு கேள்வி.

"ஐயா, இப்ப யாரு யார மன்னிக்கணும்?" எரிச்சலோடுதான் கேட்டாள்.

"முதல்ல கூப்பிடுங்க அக்கா."

அவன் பெயரைத் தொட்டாள். முதல் தடவை முழுக்க அடித்து நின்றது. எடுக்கவில்லை. வாசலுக்கு வந்து, வெயிலில் நின்று மறுபடி கூப்பிட்டாள். எடுத்தால் என்ன சொல்வது என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். அக்கா தப்பாப் பேசிட்டேன்டா. நீ சொன்னதும் எனக்கு வலிச்சுதுடா. எதை முதலில் சொல்வது?

போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது.