சீட்டு இல்லாமல் கொடுத்த ஹோஸ் பைப்

பேய், பிசாசு, ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பம்பாயில் ஒரு தீயணைப்பு நிலையத்து ஸ்டோரில் குமாஸ்தாவாகவே காலம் தள்ளியவன், சீட்டு, கையெழுத்து, ரிஜிஸ்டர் இவற்றைத் தவிர வேறு எதையும் நம்பிப் பழக்கமில்லை. ஆனாலும் அந்த மே மாதத்து மத்தியானம் நடந்தது நடந்ததுதான். நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது, அன்றைக்கு ஆபீசே நம்பவில்லை.

எண்பதுகளின் நடுவில், தாராவிக்குப் பக்கத்து நிலையம் அது. நெருப்பில் இறங்குகிறவர்களைத்தான் ஊருக்குத் தெரியும். அவர்கள் கையில் பிடிக்கிற ஹோஸ் பைப்பைக் கழுவி, உயரத்தில் தொங்கவிட்டு உலர்த்தி, ஓட்டை பார்த்து ஒட்டி, சுருட்டி அடுக்கி வைக்கிற எங்களை யாருக்குத் தெரியும்? ஸ்டோருக்கு ஒரே ஒரு கம்பிக்கதவு. அதை உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டுதான் உட்காருவேன், சாமான் கொடுப்பதெல்லாம் ஜன்னல் வழியாக. ஆபீசர் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் ஒரு கையுறைகூட வெளியே போகாது.

அன்றைக்குத் தாராவியில் பழைய பிளாஸ்டிக் குடோன் ஒன்று பற்றிக்கொண்டது. வண்டிகள் எல்லாம் மணியடித்துக்கொண்டு போய்விட்டன, ஆபீசரும் போய்விட்டார். நிலையத்தில் மிஞ்சியது நானும், வெளியே ஸ்டோர் வேனில் கண்ணயர்ந்திருந்த டிரைவர் ஷிண்டேயும்தான். நான் தலையைக் குனிந்து ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தேன், சுமார் மூன்று மணி இருக்கும், கருகின பிளாஸ்டிக் நாற்றம் குப்பென்று மூக்கில் ஏறியது. நிமிர்ந்தால் மேஜைக்கு முன்னால் யாக்கோபு நிற்கிறான்.

யாக்கோபு எங்கள் தீயணைப்புக்காரர்களில் ஒரே தமிழன். நாசரேத் பக்கம். எனக்குக் கடையநல்லூர். உடம்பெல்லாம் கரி, தலையில் ஹெல்மெட் இல்லை.

“அண்ணாச்சி, நாலு ஹோஸ் குடுங்க. முன்வாசல் அடைஞ்சு போச்சு. பின்னால சாக்கடை நாலா ஓரமா வரச் சொல்லுங்க, தகரச் சுவரை உடைக்கணும்” என்றான்.

“சீட்டு எங்கடே?”

“சீட்டுக்கு நேரமில்ல அண்ணாச்சி. உள்ள ரெண்டு பேரு இருக்காங்க.”

அவன் குரலில் பதற்றமே இல்லை, அதுதான் என்னை உலுக்கியது. குனிந்து நான்கு சுருளை இழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம். ஓடிவிட்டான் என்றே நினைத்தேன். சுருளைத் தோளில் தூக்கிக்கொண்டு கதவுக்கு வந்து கையை வைத்தேன், தாழ் போட்டபடியே இருந்தது. நான் போட்ட தாழ். உங்கள்மேல் ஆணையாகச் சொல்கிறேன், இன்னொரு தடவை தடவிப் பார்த்தேன். அப்புறம், யோசிக்க இதுவா நேரம் என்று தாழைத் தள்ளிவிட்டு வெளியே ஓடினேன்.

ஷிண்டே கண்ணைக் கசக்கிக்கொண்டு, “காதர் பாய், சிட்டி கிதர் ஹை?” என்று அவனும் சீட்டைத்தான் கேட்டான்.

“என் பேரை எழுதிக்கோ, சலோ!” என்று ஏறி உட்கார்ந்துவிட்டேன். பதினோரு வருஷ சர்வீசில் சீட்டில்லாமல் சாமான் வெளியே போனது அதுதான் முதல் தடவை.

நாலா ஓரம் போனால் அங்கே எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லை, எல்லோரும் முன்பக்கம் நிற்கிறார்கள். ஷிண்டே ஓடிப்போய் ஒரு வண்டியைப் பின்பக்கம் கொண்டுவந்தான், நாங்கள் கொண்டுபோன பைப்பை மாட்டித் தண்ணீர் பீய்ச்சினார்கள், அக்கம்பக்கத்து ஆட்களும் நானும் கடப்பாரையால் தகரத்தைப் பெயர்த்தோம். உள்ளே சரிந்து விழுந்த பரணுக்கு அடியில் இரண்டு தொழிலாளிகள் மயங்கிக் கிடந்தார்கள். அவர்கள்மேல் கவிழ்ந்தபடி யாக்கோபு. மூன்று பேருக்கும் உயிர் இருந்தது.

நான் அவனோடு வந்த தீயணைப்புக்காரரைப் பிடித்துக் கேட்டேன், இவன் எப்போது ஸ்டோருக்கு வந்துவிட்டுத் திரும்பினான் என்று. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இரண்டரை மணிக்கே உள்ளே போனவன், போன கையோடு பரண் விழுந்துவிட்டது, வெளியே வரவே இல்லை என்றார்.

விசாரணை வந்தது. சீட்டில்லாமல் சாமான் கொடுத்தது எப்படி, பின்பக்கம் என்று யார் சொன்னது? ரிஜிஸ்டரில் ‘வாங்கியவர்’ என்ற இடத்தில் யாக்கோபு என்று எழுதியிருந்தேன். மாட்டுங்காவிலிருந்து வருகிற எங்கள் தலைமைக் குமாஸ்தா சிவராமன் சார் நல்ல மனுஷர், என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“காதர், இதை அடிச்சுட்டு, வழியில போற யாரோ சொன்னான்னு எழுதிடுங்கோ. இப்படியே விட்டேள்னா பைத்தியம்னு முத்திரை குத்திடுவா.”

“வந்தவன் பேரைத்தான் எழுதுனேன் சார். வேற பேரு எழுதுனா அதுதான் பொய்க் கணக்கு. அடிக்க மாட்டேன்.”

“அப்போ உங்க பிரமோஷன்?”

“போட்டும் சார்.”

போயிற்று. எனக்கு அடுத்து சேர்ந்தவன் எனக்கு மேலே உட்கார்ந்தான். மெமோவை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு மறுநாளும் அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அந்த வரியை அடிக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய யாக்கோபு, எதுவுமே ஞாபகம் இல்லை என்று விசாரணையில் சொல்லிவிட்டான். எனக்கு வருத்தம்தான், ஆனாலும் அவனிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவன் ஸ்டோர் பக்கமே வரவில்லை. ஜன்னலுக்குக்கூட வர மாட்டான், சீட்டை வேறு யார் கையிலாவது கொடுத்தனுப்புவான். சில வருஷம் கழித்து அவனைச் செம்பூருக்கு மாற்றினார்கள். போகிற அன்று முற்றத்தில் வைத்துக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏன்டே, எம்மேல ஏதும் கோவமா? ஒரு நாள்கூட உள்ள வரலையே?”

அவன் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் ஸ்டோர் இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

“கோவமெல்லாம் இல்ல அண்ணாச்சி. அன்னைக்கு நான் ஸ்டோருக்குள்ள வந்தது நல்லா ஞாவகம் இருக்கு. வெளிய போனதுதான் ஞாவகமே இல்ல.”