பன்னிரண்டு ஜோடி பூட்ஸ்

மலையேற வருகிறவர்கள் தங்கும் அந்தக் கல்குடிலுக்கு வயது நூற்று முப்பது. கதவுக்கு மேலே செதுக்கியிருக்கும் வருஷத்தை எல்லோரும் படம் பிடிப்பார்கள். அதன் கீழே நிற்கும் என் அண்ணியை யாரும் சீண்டக்கூட மாட்டார்கள். அண்ணன் போனபிறகு இருபது வருஷமாகக் குடிலைக் கட்டிக்கொண்டு அழுதது அவள்தான். வாரம் இரண்டு தடவை சாமான் சுமந்து ஏறுவது நான். பனிமூட்டம் இறங்கினால் அண்ணி வாசல் மணியை அடிப்பாள். கடைசி ஆள் வந்து சேரும்வரை நிறுத்தக் கூடாது. வழி தவறினவர்களுக்கு அந்தச் சத்தம்தான் வழி.

வந்தவர்களை அண்ணி தலையை வைத்து எண்ண மாட்டாள். வாசல் நடையில் கழற்றிப் போட்ட பூட்ஸை எண்ணுவாள். "ஆளுங்க ஒரு எடத்துல நிக்க மாட்டாங்க, பூட்ஸ் நிக்கும்" என்பாள். ஒருநாள் பனிமூட்டம் இறங்கியது. அன்று தங்கியிருந்தவர்கள் பன்னிரண்டு பேர். சாயங்காலம் நடையில் பன்னிரண்டு ஜோடி இருந்தது. அடித்து அடித்துக் கை மரத்துப்போய், மணியை விட்டுவிட்டு உள்ளே போனாள். ஒரு மகராசன் மாற்றுக்கு இன்னொரு ஜோடி கொண்டுவந்து அங்கேயே வைத்திருந்தான். சூப் ஊற்றும்போதுதான் ஒரு கிண்ணம் மிஞ்சியது. கல்லூரியில் படிக்கிற ஒரு பெண்ணைக் காணோம். அண்ணி அலறிக்கொண்டு ஓடி மறுபடி அடித்தாள். அதற்குள் அரைமணி நேரம் போயிருந்தது. மறுநாள் அந்தப் பெண்ணைக் குடிலுக்குச் சற்றுக் கீழே, பள்ளத்திலிருந்து எடுத்தார்கள்.

விசாரிக்க வந்தவர்கள் வானிலைதான் காரணம், மணி விடாமல் அடிக்கப்பட்டது என்று எழுதிக்கொண்டு போனார்கள். அண்ணி என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். "வாயைத் தெறக்காதீங்க அண்ணி, சொன்னா போனவ திரும்பி வரப்போறாளா?" என்றேன்.

அடுத்த வருஷம் அந்தப் பெண்ணின் அம்மா வீங்கின முட்டியோடு ஏறி வந்தாள். அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசி வரைக்கும் மணி அடிச்சீங்களாமே. அவ காதுல அந்தச் சத்தமாவது இருந்திருக்கும். அத நெனச்சுத்தாம்மா தூங்குறேன்."

நான் கண்ணால் ஜாடை காட்டினேன். அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை.

"இல்லம்மா. நடுவுல அரைமணி நேரம் நிறுத்திட்டேன். எல்லாரும் வந்தாச்சுன்னு நெனச்சுட்டேன்."

அந்த அம்மா கையை மெல்ல எடுத்துக்கொண்டாள். "இத நீங்களே வெச்சுக்கிட்டிருந்திருக்கலாமே" என்றாள்.

கீழே கூட்டிக்கொண்டு போய் விட்டது நான்தான். வழி நெடுக அண்ணிமேல் எனக்கு ஆத்திரமான ஆத்திரம். பஸ் படியில் கால் வைத்தபோது அந்த அம்மா திரும்பிக் கேட்டாள்.

"அது எத்தன மணியிலேருந்து எத்தன மணி வரைக்கும்ப்பா?"

எனக்குத் தெரியும். தெரியாது என்றேன்.