தம்பிக்கு வைக்காத சர்க்கரைத் தண்ணீர்

ஐந்து வயதில் நீ யார் என்று கேட்டிருந்தால், வேகமாக ஓடுகிறவள் என்று சொல்லியிருப்பேன். ஏரிக்கரை வரை ஓடிவிட்டு அதே ஓட்டத்தில் திரும்பி வருவேன்; அதற்குமேல் என்னைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஒன்பது வயதுக்குள் அது மாறிவிட்டது. பெரியக்கா பொறுமைசாலி, சின்னக்கா சிவப்பு, நான் பிடிவாதக்காரி. உறவெல்லாம் கூடிப் பங்கு பிரித்ததில் எனக்கு விழுந்தது அது. எனக்கு அதில் வருத்தமில்லை, கொஞ்சம் பெருமைகூட.

அந்த வருடம் நடவு சமயத்தில் தம்பி பிறந்தான். பிறந்த குழந்தையின் நாக்கில் முதலில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பவரின் குணம்தான் அதற்கு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மூன்று பெண்களுக்குப் பிறகு வந்த ஆண் என்பதால், வைக்க நான் நீ என்று போட்டி. நான் யாரையும் கேட்கவில்லை. தம்பி என்னைப்போலவே இருக்கவேண்டும் என்ற ஆசையில், கிண்ணத்தில் விரலை நனைத்துக்கொண்டு அவனிடம் போய்விட்டேன்.

படுத்திருந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நீ வெக்காத. உன் கொணம் இவனுக்கு வோணாம்."

அத்தை சிரித்தாள். பெரியப்பா வந்து தொட்டு வைத்தார். நான் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் விரலை நக்கிக்கொண்டே அழுதேன். இனிப்பாகத்தான் இருந்தது.

அதன்பிறகு நான் எதையும் கேட்கவில்லை. ஏழாம் வகுப்போடு போதும் என்றார்கள், சரி என்றேன். காட்டிய மாப்பிள்ளைக்குத் தலையாட்டினேன். பெண் அடங்கிவிட்டாள் என்று எல்லோரும் மெச்சினார்கள். அம்மா மட்டும் மெச்சவில்லை.

எனக்கு மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் அம்மாதான் துணைக்கு இருந்தாள். வேறு யாரும் இன்னும் வந்து சேரவில்லை. கிண்ணத்தை அவளிடம் நீட்டி, நீயே வை என்றேன். அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நான் வோணாம்மா. உனக்கு வெச்சதே போதும். மூணாவதும் பொண்ணுன்னு ஒருத்தரும் உள்ள வர்ல, நானே தொட்டு வெச்சேன். என் கொணம் ஆவாதுன்னு கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து சொல்லிக்கினு கீறாங்க."

என்னிடம் இருந்தது அவள் குணம். அதைத்தான் மகனுக்கு வேண்டாம் என்றிருக்கிறாள். ஊரார் சொன்னதை அவளும் நம்பியிருக்கிறாள். ஒன்பது வயதில் இது எனக்கு எப்படிப் புரியும்? பெற்றவளுக்கே என்னைப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டி, பதினோரு வருடம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்துவிட்டேன்.