திரைக்குக் கீழே தெரிந்த சப்பாத்து

எண்பதுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதப் பள்ளி விடுமுறை. புக்கிட் மேராவில், ஓர் அடுக்குமாடி வீட்டு வாசலில், பட்டப்பகலில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஓர் உயர்நிலைப் பள்ளியில் மனையியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். சமையலும் தையலும்தான் என் பாடம். சனிக்கிழமைகளில் தேக்காவில் ஒரு கடைவீட்டு மாடியறைக்குப் போவேன். வீட்டில் அடி வாங்கும் பெண்கள் அங்கே வந்து மனம்விட்டுப் பேசலாம். சம்பளமில்லாமல் ஏழெட்டுப் பேர் உதவி செய்துகொண்டிருந்தோம். எங்களுக்கெல்லாம் மூத்தவர், ஓய்வுபெற்ற ஒரு தாதி.

நாங்கள் செய்வதால் யாருக்காவது உண்மையிலேயே பயன் இருக்கிறதா என்று அந்த ஆண்டு எங்களுக்கே ஒரு சந்தேகம் வந்தது. முடிந்துவிட்டதாக மூடி வைத்த கோப்புகளை எடுத்து, அந்தப் பெண்களை நேரில் பார்த்துக் கேட்டுவிடலாம் என்று தீர்மானித்தோம். கேள்வித்தாளைத் தயாரித்தவள் நான். பன்னிரண்டு கேள்விகள். ‘மிகவும் திருப்தி’ முதல் ‘திருப்தி இல்லை’ வரை கட்டம் போட்டுத் தட்டச்சு செய்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

நான் போன வீட்டுப் பெண்ணின் கோப்பில் நாலே வரிகள்தான் இருந்தன. இரண்டு முறை எங்கள் அறைக்கு வந்திருக்கிறார். மூன்றாம் முறை வரவில்லை. ஒரு மாதம் கழித்து எங்களில் ஒருவர் அவரைச் சந்தையில் பார்த்து விசாரித்தபோது, ‘இப்ப நல்லா இருக்கேன்’ என்றாராம். அதன் கீழே ‘நிறைவு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது. கணவர் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் காலை வேலை, மூன்று மணிக்குத்தான் வீடு திரும்புவார் என்ற குறிப்பும் இருந்தது. அதனால்தான் காலை பத்தரை மணிக்குப் போனேன்.

லிஃப்ட் ஒன்பதாம் மாடியோடு நின்றுவிடும். ஒரு மாடி ஏறிப் போனேன். மற்ற மாடிகளில் துணி காயும், சமையல் வாசம் வரும், குழந்தைகள் ஓடும். அந்த நடைபாதையில் ஒன்றுமே இல்லை. பக்கத்து வீட்டுச் சீன அம்மா ஒருவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் எந்த வீட்டு முன்னால் நிற்கிறேன் என்று பார்த்ததும், பாதித் தண்ணீரோடு வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வாசலில் ஆண் செருப்போ சப்பாத்தோ இருக்கிறதா என்று நான் பார்க்கத் தவறவில்லை. ஒரு ஜோடி பெண் செருப்பு மட்டும்தான் இருந்தது.

கதவு திறந்தே இருந்தது. இரும்புக் கேட்டில் பூட்டு தொங்கியது, வெளிப்புறமாக. முப்பது வயது மதிக்கத்தக்க பெண் உள்ளே வந்து நின்றார். தலைவாரி, பூ வைத்து, நெற்றியில் பொட்டிட்டு, எங்கோ கிளம்பத் தயாரானவர்போல் இருந்தார். சிரித்தார். அந்தச் சிரிப்பு நான் நின்ற நேரம் முழுவதும் அப்படியே முகத்தில் இருந்தது, கூடவுமில்லை, குறையவுமில்லை. அவருக்குப் பின்னால் தெரிந்த அறைகள் எதற்கும் கதவே இல்லை. கீல்கள் மட்டும் சட்டத்தில் நின்றன. எல்லா இடத்திலும் திரைதான் தொங்கியது.

அதையெல்லாம் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை. நான் வந்த வேலையில்தான் குறியாக இருந்தேன். அட்டையில் செருகியிருந்த தாளைப் பார்த்து, வகுப்பில் பாடம் வாசிப்பதுபோல் உரக்கக் கேட்டேன்.

“எங்க உதவியைப் பத்தி உங்களுக்கு எப்படிக்கா தெரிஞ்சுது?”

“கோயில்ல பேசிக்கிட்டாங்க.”

“எங்ககிட்ட எத்தனை தடவை வந்தீங்க?”

அவர் என்னைவிட உரக்கச் சொன்னார்: “இன்னும் ஒரு தடவையும் வரலையே, டீச்சர். தையல் கிளாஸ் இனிமேதானே ஆரம்பிக்கப் போறீங்க?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் ஆசிரியை என்று அவருக்கு யார் சொன்னது? தையல் எங்கிருந்து வந்தது? கையில் தாளோடு வருகிற பெண்ணை டீச்சர் என்று அழைப்பது இயல்புதான் என்பதும், மற்றது அவர் அந்தக் கணத்தில் கட்டிய கதை என்பதும் பிறகுதான் விளங்கியது. அப்போது அவர் முகத்தையே பார்த்தேன். அவர் கண் மட்டும் மெல்லத் தாழ்ந்து பக்கவாட்டில் போனது. நானும் அங்கே பார்த்தேன்.

சமையலறைத் திரைக்குக் கீழே இரண்டு சப்பாத்துகள். கறுப்பு, பளபளப்பாகத் துடைத்தவை. வீட்டுக்குள் சப்பாத்தோடு ஒருவர் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். நான் வந்ததிலிருந்து நின்றிருக்கிறார்.

பையில் என் மாணவிகளுக்கான, இன்னும் நிரப்பாத ரவிக்கை அளவுத் தாள்கள் இருந்தன. ஒன்றை எடுத்து, கேள்வித்தாளைப் பையின் அடியில் திணித்தேன். “ஆமாக்கா, புதுசாத்தான். உங்க அளவு எழுதிக்கலாம்னு வந்தேன்” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவதுபோல் கேட்டது.

திரை விலகியது. நெட்டையான, மரியாதையான மனிதர். கோபத்தின் சாயல்கூட இல்லை. கேட் கம்பிக்கு இடையே கையை நீட்டினார். உள்ளே இருந்தபடியே வெளிப்பூட்டைப் பூட்டவும் அப்படித்தான் கைவிட்டிருப்பார் என்று அப்போதுதான் உறைத்தது. தாளைக் கொடுத்தேன். தோள், மார்பு, கை நீளம் என்று ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். “எங்க கிளாஸ், டீச்சர்? என்னைக்கு?”

வாயில் வந்ததைச் சொன்னேன். எங்கள் தேவாலயத்தின் பின்மண்டபம். புதன்கிழமை, இரண்டு மணி.

“நல்லதுதான். நானே கூட்டிட்டு வர்றேன்” என்று தாளை மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தார்.

தேக்காவுக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. உதவி கிடைத்ததா என்று கேட்கப் போய், அவருடைய ரகசியத்தை அவர் கணவர் காதிலேயே போட இருந்தேன். தாதியம்மா என்னைத் திட்டவில்லை. “புதன் ரெண்டு மணின்னு சொல்லிட்டே. அப்ப புதன் ரெண்டு மணிக்கு கிளாஸ் நடக்கணும் லா. அவன் வந்து பார்ப்பான்” என்றார்.

பங்குச் சாமியாரிடம் கேட்டு மண்டபத்தை வாங்கினோம். இரண்டு மிதி மெஷின்களை இரவல் வாங்கினோம். எங்கள் ஆட்களே நான்கு பேர் மாணவிகளாக உட்கார்ந்தார்கள். அவர் சொன்னபடியே மனைவியைக் கூட்டி வந்தார். எதிரே மரத்தடியில் நின்று, வகுப்பு முடியும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த புதனும் வந்தார். மூன்றாம் புதன் மரத்தடியில் யாருமில்லை. ஆனாலும் நான் ஏதோ கேட்க வாயெடுத்தபோது அந்தப் பெண் வேண்டாம் என்று தலையசைத்தார்.

ஐந்தாம் வாரம், மெஷின் சத்தத்துக்கு அடியில், தையலிலிருந்து பார்வையை எடுக்காமல் பேசினார்.

“அவர் வேலைக்குப் போறாரா இல்லையான்னே எனக்குத் தெரியாது டீச்சர். பூட்டுற சத்தம் கேக்கும். மாடிப்படி வரைக்கும் காலடி கேக்கும். அப்புறம் திரும்பிப் பார்த்தா பின்னால நிப்பாரு. சில நாள் யாருமே இல்லாதப்பவும் நிக்கிற மாதிரியே இருக்கும். அதுதான் அடியைவிடப் பயம்.”

“அன்னைக்கு சந்தையில நல்லா இருக்கேன்னு சொன்னீங்களாமே?”

“ரெண்டு கடை தள்ளி நின்னாரு.”

அதன்பின் ஒவ்வொரு புதனும் வெட்டிய துணிக்குள் மடித்து ஏதாவது ஒரு தாள் வந்தது. பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், கடைசியாக அடையாள அட்டை. எல்லாம் வந்து சேர்ந்த அன்று, மரத்தடியில் கணவர் மறுபடியும் நின்றிருந்தார். மண்டபத்தின் பின்கதவு வழியாக, தாதியம்மாவின் காரில் அந்தப் பெண் போய்விட்டார். அவர் மெஷினில் நான் உட்கார்ந்தேன். சத்தம் நின்றால் மரத்தடியில் நிற்பவர் உள்ளே வந்துவிடுவார் என்று தோன்றியது. ஊசியில் நூல் அறுந்ததுகூடத் தெரியாமல் ஒரு மணி நேரம் வெறும் துணியை மிதித்துக்கொண்டிருந்தேன்.

நான்கு மணிக்குக் கணவர் உள்ளே வந்தார். காலியான நாற்காலியைப் பார்த்தார். துணியை எடுத்து, நூலில்லாத ஊசி போட்ட ஓட்டைகளைத் தடவிப் பார்த்தார். கத்துவார், அடிப்பார் என்று நாங்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். “கிளாஸ் முடிஞ்சிடுச்சா, டீச்சர்?” என்று மட்டும் கேட்டார்.

“முடிஞ்சிடுச்சு” என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு பல மாதம் பேருந்தில் ஏறினால், பின்வரிசை இருக்கைகளைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். ஒருமுறைகூட அவரைப் பார்த்ததில்லை. இல்லை என்று உறுதியாகச் சொல்லவும் முடிந்ததில்லை.

அந்தப் பெண் தூரத்தில் ஒரு குடும்பத்தோடு சில காலம் தங்கி, தொழிற்சாலையில் வேலை தேடிக்கொண்டு, சட்டப்படி விலகிப் பிழைத்துக்கொண்டார். கேள்வித்தாளை நான் கிழித்துப் போட்டேன். வீட்டு வாசலில் போய்க் கேட்பதை நிறுத்தினோம். எங்கே, எப்போது பார்க்கலாம் என்பதை அந்தப் பெண்களே சொல்லட்டும் என்று வைத்துக்கொண்டோம். ‘நிறைவு’ என்று எழுதிய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திரும்பத் திறந்தோம். சிலர் உண்மையாகவே நன்றாக இருந்தார்கள். சிலர் இல்லை. ஒருவர் மட்டும் கிடைக்கவில்லை. அவர் இருந்த வீட்டில் வேறு குடும்பம் குடியிருந்தது. முன்பு இருந்தவர்களைப் பற்றி அக்கம்பக்கத்தில் யாரும் பேச விரும்பவில்லை. அந்தக் கோப்பின் கடைசி வரியான ‘நிறைவு’ என் கையெழுத்தில் இருந்தது.

அதை எழுதியபோது எனக்கு என்ன வேலை அவசரமோ, நினைவில்லை; ஆனால் ஒரு பெண்ணிடம் நலம் விசாரிக்கும் முன் அவள் பதில் யார் காதில் விழும் என்று சுற்றிப் பார்க்கும் பழக்கம், திரைக்குக் கீழே அந்தச் சப்பாத்துகளைப் பார்த்த நாள் முதல் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.