ஐஸ் அண்ணன் திறந்த பக்கம்

எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில் மெஷினைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் ஐஸ் அண்ணன் என்றே கூப்பிடுவோம். நான் வாசலை ஒட்டி முடிவெட்டும் கடை வைத்திருக்கிறேன். தலையைக் குனிகிறவர்கள் யாரும் வாயை மூடுவதில்லை. அதனால் அவர் கதை அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

தரைக்கடியில் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி. குளிர்காலத்தில் மெஷின் அந்தத் தண்ணீரிலிருந்து சூட்டை உறிஞ்சி வீடுகளுக்கு அனுப்பும். சூடு போகப் போகத் தண்ணீர் உள்ளிருக்கும் குழாய்களைச் சுற்றி ஐஸாக ஒட்டும். கோடையில் அதே ஐஸ் வீடுகளைக் குளிரவைக்கும். ஆனால் தொட்டி முழுக்க உறையக் கூடாது. உறைந்தால் சுவர் வெடித்துவிடும். ஐஸ் பெருகினால் தண்ணீர் மட்டம் ஏறும். அதைப் பார்த்துத்தான் அண்ணன் மெஷினை நிறுத்துவார்.

அண்ணிக்கு நெஞ்சில் கோளாறு, குளிர் பட்டால் மூச்சு முட்டும். கதகதப்பான அறையும் சேர்த்துத் தருகிறார்கள் என்பதற்காகவே அண்ணன் இந்த வேலைக்கு வந்தார்.

ஒரு கடுங்குளிரில் அண்ணியின் தம்பி வந்து தங்கியிருந்தான். கை சும்மா இருக்காத ஆள். அண்ணன் வெளியே போயிருந்தபோது தொட்டியை எட்டிப் பார்த்தான். தண்ணீர் விளிம்பில் நின்றது. வழிந்துவிடுமே என்று குழாய் போட்டுச் சாக்கடையில் இறைத்துவிட்டான். சொல்ல மறந்தும் போனான்.

மட்டம் இறங்கியதைப் பார்த்த அண்ணன், ஐஸ் குறைந்துவிட்டதென்று மெஷினை ஓடவிட்டார். சுவர் முனகியபோதுதான் மூடியைத் திறந்தார். உள்ளே வெள்ளைப் பாறை.

"மாப்ள, தண்ணி எங்கடா?"

"வழியப் பாத்துச்சு மாமா, நான்தான் எறச்சு விட்டேன். நல்லவேள, நான் பாத்தேன்!"

"ரொம்ப நல்லவேள. வா, உங்கக்காகிட்ட நீயே சொல்லு."

ஐஸ் இளகும்வரை மெஷினை ஓட்ட முடியாது. மாற்று ஹீட்டர் கட்டடத்தின் ஒரு பக்கத்துக்குத்தான் போதும். கிழக்குப் பக்கம் அண்ணி. மேற்கில் ஒரு பச்சைக் குழந்தை. சூட்டை எந்தப் பக்கம் விடுவதென்ற வால்வு அண்ணன் கையில். சொந்தப் பக்கத்தைத்தான் திறப்பார் என்று என் கடையில் எல்லோரும் அடித்துச் சொன்னார்கள், நான் உட்பட. அவர் மேற்கைத் திறந்தார்.

அண்ணிக்குக் கம்பளி கொடுக்கப் போன நான் அவர்கள் அறை வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"நம்ம ஆளு பண்ண தப்புக்கு அந்தக் கொழந்த ஏன் குளிர்ல கெடக்கணும்?" என்றார் அண்ணன்.

"நல்லவருன்னு பேரு உங்களுக்கு. குளிரு எனக்கா?" என்றார் அண்ணி.

அண்ணன் தன் போர்வையையும் எடுத்து அண்ணிமேல் போர்த்தினார்.

மறுநாள் குழந்தையின் அம்மாவே வந்து தன் வீட்டில் தங்கக் கூப்பிட்டாள். அண்ணி, "என் இருமலக் கேலி பண்ணவ கட்டில்லயா நான் படுக்கணும்?" என்று முரண்டு பிடித்தார். தம்பி நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனான். "மெதுவாடா, கொரங்கே!" என்று படி முழுக்கத் திட்டினார். ஆனால் குளிர் அதற்குள் நெஞ்சில் இறங்கிவிட்டது. ஐஸ் இளகும் முன்பே, அந்தக் கட்டிலிலேயே போய்ச் சேர்ந்தார்.

தம்பி வாய்விட்டு அழுதான். அண்ணன் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கு நாலு அறை விட்டிருக்கலாம்.

கோடையில் அண்ணன் முடிவெட்ட வந்தார். என் வாய் சும்மா இருக்குமா?

"அண்ணே, மறுபடி அப்படி வந்தா எந்தப் பக்கம் தெறப்பே?"

"அந்த வால்வயே கழட்டிட்டேன். இனிமே இருக்குற சூடு ரெண்டு பக்கமும்தான் போகும், கொஞ்சமோ நஞ்சமோ," என்றார். "காதோரம் கொஞ்சம் கம்மியா வெட்டு."